வெள்ளைப் புள்ளிக்கு யார் பொறுப்பு?



வீட்டுப் பராமரிப்பைப் பற்றிப் பேசும் இந்தப் பகுதிக்கு இம்மாதம் ஹட்டன் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவர் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் வேன் ஓட்டுகிறார். குடும்பத்தின் வருமானமே அந்த வேன்தான். விடுமுறையில் எல்லோருமாகப் புத்தளத்தில் இருக்கும் ராத்தா வீட்டுக்குப் போய் ஐந்து நாள் தங்கியிருக்கிறார்கள். மச்சான் அன்பான மனிதர். தினமும் காலையில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை பைப்பில் பிடித்து வேனைக் கழுவி, வெயிலில் காயவிட்டுத் தந்திருக்கிறார். ஊர் திரும்பிய அன்று மாலை, வழக்கமாக வேன் கழுவும் தம்பி வந்து பயணத்துத் தூசியையெல்லாம் கழுவியிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் இருக்கும் பையன் அவர். மறுநாள் விடிந்து பார்த்தால், கருநீல வேனின் கூரை, பொனட், கதவு எல்லாவற்றிலும் நூற்றுக்கணக்கில் வெள்ளைப் புள்ளிகள். துடைத்தும் போகவில்லை, தண்ணீர் ஊற்றியும் போகவில்லை.

“என்ன பவுடரைப் போட்டுத் தேய்த்தாய்?” என்று கணவர் கோபப்பட்டிருக்கிறார். “ஷாம்பு மட்டுந்தான் நானா” என்று அந்தத் தம்பி சொன்னதை அவர் நம்பவில்லை. அந்த மாதக் கூலியைத் தராமல் நிறுத்தி, இனி வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். சகோதரி கேட்பது இரண்டு கேள்விகள். புள்ளிகளைப் போக்க வழி என்ன? அந்தத் தம்பியின் மீது போட்ட பழி சரிதானா?

முதல் கேள்விக்கு விடை தெரிந்தால் இரண்டாவதுக்கும் விடை கிடைத்துவிடும். ஆகவே புள்ளி எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

தண்ணீருக்குள் இருக்கும் கல்

பார்வைக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் பல தாதுக்கள் கரைந்திருக்கின்றன. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது காபனீரொட்சைட்டு வாயுவைச் சேர்த்துக்கொண்டு சற்றே புளிப்பாகிறது. அந்த நீர் சுண்ணாம்புக் கல்லின் ஊடாகப் போனால் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் தன்னோடு எடுத்துக்கொள்கிறது. இவை அதிகமாக உள்ள நீரைத்தான் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் ‘வன்னீர்’ என்கிறார்கள். குறைவாக உள்ளது ‘மென்னீர்’.

ஒரு லீட்டர் தண்ணீரில் 60 மில்லிகிராம் வரை இருந்தால் அது மென்னீர். 120-ஐத் தாண்டினால் வன்னீர். 180-க்கு மேல் போனால் மிகவும் வன்மையான நீர். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது.

இப்போது வேனுக்கு வருவோம். கிணற்று நீரில் லீட்டருக்கு 300 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கழுவி முடித்த வேனில் அரை லீட்டர் தண்ணீர் துளித்துளியாக ஒட்டி நிற்கிறது. வெயில் பட்டதும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். கல் ஆவியாகாது. ஏறத்தாழ 150 மில்லிகிராம் கல் வேன் மேலேயே தங்கிவிடுகிறது. அதுதான் அந்த வெள்ளைப் புள்ளி. வேதியியல் பெயர் கல்சியம் காபனேற்று. சுவருக்குப் பூசிய சுண்ணாம்பு காய்ந்து இறுகிய பிறகு ஆவதும் இதுவேதான்.

புள்ளிகள் பெரும்பாலும் வளையம் போல, நடுவில் மெல்லியதாகவும் ஓரத்தில் தடித்தும் இருக்கும். மேசையில் சிந்திய சாயத் தேநீர்த் துளி காய்ந்தால் ஓரம் மட்டும் கறுத்து வளையமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இதுவும் அப்படித்தான். துளி காயும்போது உள்ளே கரைந்திருப்பதெல்லாம் ஓரத்துக்குப் போய்ச் சேர்கிறது.

தண்ணீர் ஊற்றினால் ஏன் போகவில்லை? இறுகிய சுண்ணாம்பு சாதாரண நீரில் எளிதில் கரையாது. அதன் மேல் ஈரம் இருக்கும்வரை கண்ணுக்கும் நன்றாகத் தெரியாது. காய்ந்ததும் பளிச்சென்று தெரியும். கருநீலம், கறுப்பு, சிவப்பு வாகனங்களில் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

நம் மலைத் தண்ணீரும் கரையோரத் தண்ணீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மன்னார் வழியாகப் புத்தளம் வரை நம் நாட்டின் வடமேற்குக் கரையோரத்தில் சுண்ணாம்புக் கல் பரந்து கிடக்கிறது. புத்தளத்துச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு அருவக்காட்டில் கல் வெட்டுவது இதனால்தான். அந்தக் கல்லுக்குள் ஊறிய நீர்தான் அப்பகுதிக் கிணறுகளுக்கு வருகிறது. அங்கே வாழும் சகோதரிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு, பைப் வாயில் கட்டியான சுண்ணாம்பு, எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காத சவர்க்காரம் எல்லாம் அவர்களுடைய அன்றாட அனுபவம்.

மலையகத்தின் நிலம் வேறு. இங்கே அடியில் இருப்பது மிகப் பழைய, இறுகிய, எளிதில் கரையாத பாறை. மழையும் தாராளம். 1,800 மீற்றருக்கு மேல் இருக்கும் நுவரெலியாவானாலும், மேற்குச் சரிவிலுள்ள ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை ஆனாலும், பீலியில் கொட்டும் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர்தான். கொஞ்சம் சவர்க்காரம் பட்டாலே நுரை பொங்கும். நுரையைக் கழுவி எடுக்கத்தான் நேரமாகும். விதிவிலக்கும் உண்டு. மாத்தளை, கண்டிப் பக்கங்களில் பாறைக்கு இடையே பளிங்குக்கல் பட்டைகள் ஓடுகின்றன. அங்குள்ள சில கிணறுகளின் நீர் வன்மையாக இருக்கும்.

இதனால்தான் மலையகத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் புள்ளி புதினமாக இருக்கிறது. இங்கே வேனைக் கழுவி அப்படியே விட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதே பழக்கத்தில் கரையோரத்தில் கழுவிக் காயவிட்டால் ஒரே நாளில் புள்ளி விழுந்துவிடும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களில் பெருந்தொகையானோர் புத்தளத்தில் குடியேறினார்கள். பழைய உறவு, புதிய சம்பந்தம், வியாபாரம் என்று மலையகத்திலிருந்து அங்கே போய் வரும் குடும்பங்கள் பல. ஆகவே இது இந்த ஒரு சகோதரியின் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல.

எந்தப் புள்ளி என்று முதலில் பாருங்கள்

வெள்ளையாக இருப்பதெல்லாம் கிணற்றுச் சுண்ணாம்பு அல்ல. மூன்று வகை உண்டு.

முதலாவது உப்பு. கடற்கரையோரம் நிறுத்திய வாகனத்தில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு வெள்ளையாகப் பூக்கும். இது சாதாரண நீரிலேயே கரைந்துவிடும். ஆனால் இரும்பைத் துருப்பிடிக்க வைப்பது இதுதான். ஊர் திரும்பியதும் வேனின் அடிப்பகுதியையும் சில்லுகளின் உள்பக்கத்தையும் நன்றாகக் கழுவிவிட வேண்டும்.

இரண்டாவது டொலமைட் தூள். தோட்டங்களில் கவ்வாத்து வெட்டிய மலைகளுக்கு, மண்ணின் புளிப்பைக் குறைப்பதற்காக இதைப் போடுவார்கள். லொறியில் ஏற்றிப் போகும்போது சிந்துவதும் மலையிலிருந்து காற்றில் பறந்து வருவதும் பாதையோரத்தில் நிற்கும் வாகனத்தில் படியும். இரவுப் பனியில் நனைந்து காலை வெயிலில் காய்ந்தால் வெள்ளைத் திட்டாகும். டொலமைட்டும் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்றுத்தான். ஆனால் அது தூளாக மேலே கிடப்பதால், புதிதாக இருக்கும்போது நிறையத் தண்ணீர் ஊற்றினாலே போய்விடும். காய்ந்த துணியால் துடைத்தால் மட்டும் பெயின்ற் கீறிவிடும்.

மூன்றாவதுதான் வன்னீர்ப் புள்ளி. வளையம் போல இருக்கும். தண்ணீருக்குப் போகாது. விரலால் தடவினால் சற்றுச் சொரசொரப்பாகத் தெரியும்.

போக்கும் முறை

இது அழுக்கு அல்ல, கல். அழுக்கைத் தேய்த்து எடுக்கலாம். கல்லைத் தேய்த்தால் அது பெயின்றைக் கீறும். ஆகவே தேய்க்காமல் கரைத்து எடுக்க வேண்டும். சுண்ணாம்பைக் கரைப்பது புளிப்பு. அதற்கு நம் அடுப்படியில் இருக்கும் வினாகிரியே போதும்.

நிறமில்லாத வெள்ளை வினாகிரியாகப் பார்த்து எடுங்கள். ஒரு கோப்பை வினாகிரிக்கு ஒரு கோப்பை சுத்தமான தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். கலக்க எடுப்பது மலைத் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீராக இருந்தால் நல்லது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

1. வேனை நிழலில் நிறுத்தி, பொனட் குளிரும்வரை காத்திருங்கள். சூடான தகரத்தில் வினாகிரி நொடியில் காய்ந்து, அதுவே புதுக் கறையாகும்.

2. முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றித் தூசியையும் மணலையும் போக்குங்கள். பிறகு வாகன ஷாம்புவால் கழுவுங்கள்.

3. கதவின் அடிப்பக்கம் போன்ற கண்ணில் படாத ஓரிடத்தில் கலவையைத் தடவிச் சோதியுங்கள். பெயின்றின் நிறம் துணியில் வந்தாலோ பளபளப்பு மங்கினாலோ அத்தோடு நிறுத்திவிடுங்கள். பழைய வேன்களில், முக்கியமாக வெளியில் மறுபடி பெயின்ற் அடித்த வேன்களில், இந்தச் சோதனையைத் தவறவிடக்கூடாது.

4. மெல்லிய துணியைக் கலவையில் நனைத்து, புள்ளி உள்ள இடத்தில் விரித்து வையுங்கள். ஒன்று அல்லது இரண்டு நிமிடம் போதும். துணி காய விடாதீர்கள். புளிப்பு கல்லோடு சேரும்போது காபனீரொட்சைட்டு வாயு வெளியேறிக் கல் கரையும். பிறகு அழுத்தாமல் ஒரு முறை மெதுவாகத் துடைத்து எடுங்கள்.

5. உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இன்னும் புள்ளி மிச்சமிருந்தால் மறுபடி ஒருமுறை செய்யலாம். ஒரு பகுதியை முடித்த பிறகே அடுத்த பகுதிக்குப் போங்கள்.

6. முழுவதும் முடிந்ததும் ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரம் ஒட்டத் துடைத்து, மெழுகு பூசுங்கள். வினாகிரி பழைய மெழுகையும் நீக்கிவிடும். அதனால் இந்தக் கடைசி வேலையை விட்டுவிட வேண்டாம்.

கண்ணாடிப் புள்ளிக்கும் இதே வினாகிரிதான். அலுமினியப் பகுதிகளிலும் ரப்பர் ஓரங்களிலும் நீண்ட நேரம் ஊறவிடாதீர்கள்.

பல வாரங்கள் வெயிலில் கிடந்த புள்ளி இதற்குப் போகாமல் இருக்கலாம். அப்போது சுண்ணாம்பு போயிருக்கும், ஆனால் அது இருந்த இடத்தில் பெயின்றில் குழி விழுந்திருக்கும். வாகன நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு மெல்லிய வார்னிஷ் படலம் இருக்கிறது. அதன் தடிப்பு நம் தலைமுடியின் தடிப்பைவிடக் குறைவு. குழி விழுந்த இடத்தைச் சமப்படுத்தக் கராஜில் ‘கட் அன்ட் பொலிஷ்’ செய்வார்கள். அதாவது சுற்றியுள்ள படலத்தையும் கொஞ்சம் தேய்த்து எடுப்பார்கள். ஓரிரு முறை செய்யலாம். ஒவ்வொரு வருடமும் செய்தால் படலமே மிஞ்சாது. ஆகவே புள்ளியைக் கண்டதும் அந்த வாரத்திலேயே கவனிப்பது செலவைக் குறைக்கும்.

செய்யக்கூடாதவை

பாத்திரம் துலக்கும் தூள், தும்பு, கம்பிச் சுருள், சாம்பல் எதையும் வாகனத்தில் வைக்காதீர்கள். புள்ளி போகலாம். ஆனால் அந்த இடம் முழுவதும் மங்கி, புள்ளியைவிட அசிங்கமாகத் தெரியும்.

கழிவறை கழுவும் அமிலத்தைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். அது கல்லை நொடியில் கரைக்கும் என்பது உண்மை. பெயின்றையும் தகரத்தையும் கையையும் கண்ணையும் கூட அது விடாது. தொடவே வேண்டாம்.

தேசிக்காயும் புளிப்புத்தான். ஆனால் வெயிலில் தேய்த்துக் காயவிட்டால் அதன் சாறும் சக்கையும் ஒட்டிப் புதுக் கறையாகும். வினாகிரி கையில் இருக்கும்போது அது தேவையில்லை.

மிக முக்கியமான ஒன்று. வினாகிரியையும் குளோரின் கலந்த வெண்மையாக்கும் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒரே வாளியில் ஒன்றன்பின் ஒன்றாகக்கூட ஊற்றாதீர்கள். நச்சு வாயு கிளம்பும். குளியலறைக் குழாயில் படிந்த சுண்ணாம்பை எடுக்கும்போது இது இன்னும் ஆபத்து. மூடிய அறைக்குள் குழந்தைகளும் இருப்பார்கள்.

வராமல் தடுக்க

வந்த பிறகு போக்குவதைவிட வராமல் தடுப்பது எளிது. வன்னீர் ஊருக்குப் போனாலும் அங்குள்ள தண்ணீரால் கழுவத்தான் வேண்டியிருக்கும். தண்ணீரை மாற்ற முடியாது. அது காய்வதை நம்மால் தடுக்க முடியும். துளி காய்ந்தால்தான் புள்ளி. காயும் முன் துடைத்துவிட்டால் கல் துணியோடு போய்விடும்.

அதிகாலையிலோ அஸருக்குப் பிறகோ, நிழலில் கழுவுங்கள். புத்தளத்து உச்சி வெயிலில் கூரையைக் கழுவிக் கதவுக்கு வருவதற்குள் கூரை காய்ந்துவிடும். ஒரு பக்கத்தைக் கழுவித் துடைத்த பிறகு மறுபக்கத்துக்குப் போங்கள். கடைசியாக அலசும்போது பைப்பின் வாயைக் கையால் அடைத்துத் தெளிக்காமல், கூரையின் மேலிருந்து மெதுவாக வழியவிடுங்கள். தண்ணீர் தகடு போல இறங்கி, துளிகளைக் கூட்டிக்கொண்டு போய்விடும். மைக்ரோபைபர் துணி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்திச் சாரனைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம். தரையில் விழுந்த துணியை அலசாமல் மறுபடி வைக்காதீர்கள்.

வன்னீரில் சவர்க்காரக் கட்டியைக் கரைத்து வாகனம் கழுவக் கூடாது. சவர்க்காரமும் கல்சியமும் சேர்ந்து பிசுபிசுப்பான வெள்ளைக் கசடாகி ஒட்டிக்கொள்ளும். ஷாம்பு அப்படிச் செய்யாது. போகும் வழியில் சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவக் கொடுத்தால், துடைத்துத் தரும்படி கேளுங்கள். ‘ஓடும்போது காற்றில் காய்ந்துவிடும்’ என்று ஈரத்தோடு எடுத்துவர வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெழுகு பூசினால் புள்ளி விழுந்தாலும் மெழுகின் மேல்தான் விழும். பெயின்றைத் தொடாது. மெழுகு பூசினால் துடைக்கவே தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். துளி உருண்டு நிற்கும். துடைக்காவிட்டால் அந்த இடத்தில் புள்ளி வரும்.

மழைநீரில் கல்சியம் அனேகமாக இல்லை. நம் மலையகத்தில் அது அல்லாஹ் இலவசமாகத் தரும் நிஃமத். கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்தால் வாகனம் கழுவவும், கண்ணாடி துடைக்கவும் அதைவிடச் சிறந்த நீர் இல்லை. மழை தொடங்கியதும் வரும் முதல் தண்ணீரில் கூரைத் தூசி இருக்கும், அதை விட்டுவிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிடாதபடி பீப்பாயை இறுக மூடி வையுங்கள்.

அளவும் முக்கியம். நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் வுளூ செய்தார்கள், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையான நீரில் குளித்தார்கள் என்பது ஆதாரபூர்வமான ஹதீஸ். ஒரு முத்து என்பது லீட்டரில் முக்கால் பங்குக்கும் குறைவு. தொழுகைக்கே அவ்வளவு சிக்கனம் கற்றுத் தந்த மார்க்கத்தில் இருந்துகொண்டு, பைப்பைத் திறந்து விட்டபடி அரை மணி நேரம் வாகனம் கழுவுவது நமக்கு அழகல்ல. ஒரு வாளியில் ஷாம்பு, ஒரு வாளியில் துணி அலசும் தண்ணீர், கடைசி அலசலுக்கு இரண்டு வாளி. வேனுக்கு இது தாராளம். தை, மாசி மாதங்களில் பீலி மெலிந்து, லயத்துப் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது இதை இன்னும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு வேனின் மதிப்பு

“கேவலம் ஒரு புள்ளிக்கா இவ்வளவு?” என்று சில சகோதரிகள் நினைக்கலாம். 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் பழைய வேன்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். இருப்பதைக் காப்பாற்றித்தான் பல குடும்பங்கள் அடுப்பை எரித்தன. பெயின்ற் போனால் தகரம் துருப்பிடிக்கும். விற்கும்போது விலை இறங்கும். ஆகவே அந்தக் கணவரின் கோபத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. அது சம்பந்தமில்லாத ஒருவரின் மீது விழுந்ததுதான் வருத்தம்.

இரண்டாவது கேள்வி

சகோதரி எழுதியதை மறுபடி பாருங்கள். ஐந்து நாள், ஐந்து முறை, கிணற்று நீரில் கழுவல், வெயிலில் காயவிடல். அதன் மேல் திரும்பி வந்த பாதையின் தூசி. ஹட்டனில் அந்தத் தம்பி மலைத் தண்ணீரால் தூசியைப் போக்கியதும், கீழே ஏற்கனவே இருந்த புள்ளி வெளியே வந்தது. ஈரம் இருந்தவரை அன்று மாலை யாருக்கும் தெரியவில்லை. இரவில் காய்ந்து காலையில் தெரிந்தது. புள்ளியை உண்டாக்கியவர் அவர் அல்ல என்றே கடிதத்தின் விவரங்கள் சொல்கின்றன. அன்போடு கழுவித் தந்த புத்தளத்து மச்சானையும் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் என் சொல்லை மட்டும் நம்பி முடிவுக்கு வர வேண்டாம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். புத்தளத்திலிருந்து யாராவது வரும்போது ராத்தா வீட்டுக் கிணற்று நீரை ஒரு சிறு போத்தலில் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். கறுப்புத் தட்டு ஒன்றில் அந்த நீரில் சில துளிகள், உங்கள் வீட்டுப் பைப் நீரில் சில துளிகள், அந்தத் தம்பி பாவித்த ஷாம்பு கலந்த நீரில் சில துளிகள் என்று தனித்தனியாக விட்டு, வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததும் கணவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கிணற்று நீர் வெள்ளை வளையமாக நிற்கும். வீட்டு நீர் அனேகமாக ஒன்றும் விடாது. ஷாம்புக் கறை தண்ணீர் பட்டதும் போய்விடும். வளையத்தின் மேல் வினாகிரி விட்டால் கரைந்துவிடும். வாக்குவாதம் தேவைப்படாது. தட்டே பேசும்.

ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆவது வசனம் ஊகங்களில் பலவற்றை விட்டும் விலகியிருக்கும்படி நமக்குக் கட்டளையிடுகிறது. வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால், ஒரு பாத்திரம் உடைந்தால், ஒரு வேனில் கறை விழுந்தால், நம் சந்தேகம் முதலில் போவது வேலைக்கு வருபவர் மீதுதான். அவர் ஏழை என்பதும், பதில் சொல்ல அவருக்குத் துணை இல்லை என்பதும்தான் அந்தச் சந்தேகத்துக்குப் பெரும்பாலும் ஆதாரம். வேறு ஆதாரம் இருக்கிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

கூலி விஷயம் இன்னும் பாரதூரமானது. வேலையை முழுதாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் சொல்வதை ஸஹீஹுல் புகாரியில் வரும் ஹதீஸ் குத்ஸி நமக்குச் சொல்கிறது. அங்கே அந்தத் தொழிலாளி எந்த மதத்தவர், எந்த லயத்தில் இருப்பவர் என்ற கேள்வி இல்லை. அந்த மாதம் அவர் கழுவிய நாட்களுக்கெல்லாம் கூலி கடன். புள்ளி போனாலும் போகாவிட்டாலும் அது கடன்தான்.

சகோதரி, உங்கள் கணவர் நேர்மையானவர் என்பது கடிதத்தின் மற்ற வரிகளில் தெரிகிறது. தட்டைப் பார்த்ததும் அவருக்கே விளங்கிவிடும், இன்ஷா அல்லாஹ். கூலியை யாரிடமும் கொடுத்தனுப்பாமல் அவரே லயத்துக்குப் போய், அந்தத் தம்பியின் தாய் தகப்பனுக்கு முன்னால் கொடுக்கட்டும். பழி பலருக்குத் தெரிந்திருந்தால், அது தவறு என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். அவர் திரும்பி வர விரும்பினால், வினாகிரி வேலையை இருவருமாகச் சேர்ந்தே செய்யலாம். கூரையைப் பிடித்துத் துடைக்க எப்படியும் இரண்டு ஆள் வேண்டும்.

அடுத்த முறை புத்தளம் போகும்போது பழைய சாரன் துண்டுகள் நான்கை வேனில் போட்டுக்கொள்ளுங்கள். மச்சான் கழுவட்டும். நீங்களும் பிள்ளைகளும் காயும் முன் துடைத்துவிடுங்கள். ராத்தாவுக்கு ஒரு வினாகிரிப் போத்தலும் கொண்டுபோங்கள். அவருடைய கேத்தலில் பாதிக்கு வினாகிரியும் தண்ணீரும் சமமாக ஊற்றி, கொதிக்கவைத்து, அரை மணி நேரம் விட்டு அலசினால் அடியில் உள்ள வெள்ளைப் படிவு கழன்று வரும். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு தடவை கொதிக்கவைத்து ஊற்றிவிட்டுத் தேநீர் போடச் சொல்லுங்கள்.